பல்கலைக்கழகம் பிள்ளையிடம் என்ன பார்க்கிறது?



சென்ற மாதம் வேலை முடிந்து போகும்போது கிடைக்கும் பணிக்கொடையைக் கணக்கிடுவது பற்றிப் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்த கையோடு சார்ஜாவிலிருந்து ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். பணிக்கொடைக் கணக்குத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்துக் கல்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணை, மகன் யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடப்போறான். ஒரு கட்டுரை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறாங்கள். நாங்கள் இடம்பெயர்ந்து வந்த கதையை எழுதினால் இடம் குடுப்பாங்களோ? எழுதாட்டிக் குடுக்க மாட்டாங்களோ?"

யோசித்துச் சொல்கிறேன் அம்மா என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்கான பதில்தான். கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வளர்ந்த காலத்தில் பல்கலைக்கழக அனுமதி என்றால் ஒரு எண். நாலு பாடம், மொத்தப் புள்ளி, வெட்டுப்புள்ளி. பிள்ளை எப்படிப்பட்டவன், பாடப் புத்தகத்துக்கு வெளியே என்ன வாசித்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கு அந்த எண்ணே நியாயமாகப் பட்டது. ஏனென்றால் எங்களிடமிருந்து பறித்தபோது அந்த எண்ணில்தான் கைவைத்தார்கள். 1970-71 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். பொறியியலுக்கு 250உம் 227உம். பிறகு 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டப் பங்கீடு. அந்த இருபத்தொரு புள்ளி எங்கள் வீடுகள் பலவற்றில் இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது. மட்டக்களப்பு, வன்னி நேயர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாவட்டப் பங்கீடு வந்தபின் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கதவு திறந்தது உண்மை. அந்த விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

இலங்கையில் இன்றும் எண்தான். 2001 முதல் இசட் புள்ளி. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் தகுதி வரிசைக்கு, 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அங்கே விண்ணப்பத்தில் பிள்ளை தன் கதை எழுத இடமே கிடையாது.

இப்படி வந்த நாங்கள், ஒரு பல்கலைக்கழகம் "உன்னைப் பற்றி எழுது" என்று கேட்டால் என்ன நினைப்போம்? இதற்குள் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று நினைப்போம். அந்தச் சந்தேகத்தை முற்றாகப் பிழை என்று சொல்லமாட்டேன். 1920களில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பரீட்சையில் நன்றாகச் செய்த யூதப் பிள்ளைகள் அதிகமாக வரத் தொடங்கியபோது, அவர்களைக் குறைப்பதற்காகவே பிள்ளையின் "குணநலம்" பார்ப்பது, புகைப்படம் கேட்பது எல்லாம் புகுத்தப்பட்டன. கட்டுரையும் பரிந்துரைக் கடிதமும் ஒரு காலத்தில் வாசலை மூடவும் உதவியிருக்கின்றன.

ஆனால் சந்தேகத்தோடு மட்டும் நின்றால் பிள்ளைக்குப் பயனில்லை. இப்போது வளைகுடாவில் இருக்கும் எங்களுக்கு இதை அறியாமல் தப்பவும் முடியாது.

முன்பு இங்கே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் பெட்டி கட்டவேண்டியதுதான். அல் அயினில் 1976இல் தொடங்கிய அரசாங்கப் பல்கலைக்கழகம் இந்நாட்டுக் குடிமக்களை எண்ணி அமைந்தது. 1993இல் அவுஸ்திரேலியாவின் வுலங்கொங் பல்கலைக்கழகம் டுபாய்க்கு வந்தது. 1997இல் சார்ஜாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம். 2000இல் இந்தியாவின் பிட்ஸ் பிலானி. 2003இல் டுபாயில் அறிவுக் கிராமம் திறந்தபின் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2005இல் மிடில்செக்ஸ், ஹெரியட் வாட். 2010இல் அபுதாபியில் நியூயோர்க் பல்கலைக்கழகம் முதல் தொகுதி மாணவரைச் சேர்த்தது. 2018இல் பேர்மிங்ஹாம். 2024இல் டெல்லி ஐ.ஐ.ரி.யின் அபுதாபி வளாகத்தில் இளநிலைப் படிப்புத் தொடங்கியது. ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குள் பிரித்தானிய வழக்கம், அமெரிக்க வழக்கம், இந்திய வழக்கம் மூன்றும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேலை செய்த முறை உங்கள் பிள்ளைக்கு வேலை செய்யாமல் போவதற்கு இதுதான் காரணம். அவர்கள் விண்ணப்பித்தது வேறு நாட்டு வழக்கத்துக்கு.

இந்திய வழக்கம் எங்களுக்குப் பழகிய வழக்கம். நுழைவுப் பரீட்சையின் தர வரிசை, அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், இரசாயனம் பெற்ற புள்ளி. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: இந்தியாவின் என்.ஐ.ரி. போன்ற நிறுவனங்களில் வளைகுடாத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று குறைந்த கட்டணத்தில் ஒதுக்கீடு உண்டு. "பக்கத்து பிளாட் மலையாளிப் பிள்ளை அதில்தான் போனது, நாங்களும் போடலாமோ" என்று கேட்கிறார்கள். அது இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டு முகாமில் எத்தனை வருடம் இருந்திருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு இல்லாவிட்டால் அது உங்களுக்கானது அல்ல.

பிரித்தானிய வழக்கம் வேறு. அவர்கள் பார்ப்பது, இந்தப் பிள்ளை இந்தப் பாடத்தை மூன்று வருடம் தாக்குப்பிடித்துப் படிக்குமா என்பதை. பொறியியல் என்றால் கணிதத்தில் என்ன தரம், அநேகமாகப் பௌதிகத்தில் என்ன தரம். ஆங்கிலம் போதுமா. இறுதிப் பெறுபேறு வருவதற்கு முன்பே, ஆசிரியர் எதிர்பார்த்துக் கொடுக்கும் தரத்தை வைத்து நிபந்தனையோடு இடம் தருவார்கள். லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போவதானால் யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் ஊடாக ஐந்து தெரிவுகள் போடலாம். எழுதுவது ஒரே கூற்று, ஐந்து இடத்திலும் அதைத்தான் வாசிப்பார்கள். 2026 அனுமதி முதல் அந்தக் கூற்றை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். ஏன் இந்தப் பாடம்? இதுவரை படித்தது உன்னை அதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது? பள்ளிக்கு வெளியே வேறு என்ன செய்தாய், அது எப்படிப் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள். மூன்று கேள்வியையும் இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். மூன்றும் பாடத்தைச் சுற்றியே நிற்கின்றன. "சிறுவயது முதல் எனக்கு மருத்துவராக வேண்டும் என்று ஆசை" என்ற வசனம் எந்தக் கேள்விக்கும் விடை அல்ல.

அமெரிக்க வழக்கம்தான் எங்களைக் குழப்புவது. அமெரிக்க முறையில் நடக்கும் எல்லா இடமும் ஒரே மாதிரியும் அல்ல. பல இடங்களில் பள்ளிப் புள்ளியும் ஆங்கிலத் தேர்வும் இருந்தால் போதும். அபுதாபி நியூயோர்க் பல்கலைக்கழகம் போன்ற கடினமான இடங்களில் நாலு வருடப் பள்ளிப் புள்ளிகள், ஆசிரியரின் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்தவை, 650 சொல்லுக்கு மேற்படாத ஒரு கட்டுரை என்று எல்லாவற்றையும் வைத்து ஆளைப் பார்ப்பார்கள். தேர்ந்தெடுத்த சிலரை அழைத்து வளாகத்தில் தங்கவைத்துப் பேசியும் பார்ப்பார்கள். இந்த இடங்களில் நல்ல புள்ளி உள்ளே வருவதற்கான சீட்டு. ஆனால் அந்தச் சீட்டு வரிசையில் நிற்கும் எல்லாரிடமும் இருக்கிறது.

இன்னொரு விசயம். கேள்விப்பட்டதை வைத்து ஓடாதீர்கள். "எம்சாட் எழுதாமல் இங்கே ஒன்றும் நடக்காது" என்று இன்னமும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்தப் பரீட்சையை இந்நாட்டு அரசாங்கம் 2024 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. கட்டாரின் கல்வி நகரத்தில் 2003 முதல் இருக்கும் டெக்சஸ் ஏ அன்ட் எம் வளாகத்தை 2028க்குள் மூடுவதென்று 2024இல் தீர்மானித்தார்கள். அண்ணன் படித்த இடம் தம்பிக்கு இருக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டிய காலம் இது.

இனி என் வீட்டுக் கதை ஒன்று.

மகள் லண்டனுக்கு மருந்தியல் படிக்க விண்ணப்பித்தபோது அந்தக் கூற்றை நான்தான் எழுதினேன். ஆம், நான்தான். இரண்டு வெள்ளிக்கிழமை இருந்து, நல்ல ஆங்கிலத்தில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல். தலைமைத்துவம், அர்ப்பணிப்பு, சமூக சேவை எல்லாம் உள்ளே இருந்தன. வாசித்துவிட்டுப் பிள்ளை சொன்னாள், "அப்பா, இது உங்கட கம்பனியின்ர ஆண்டறிக்கை மாதிரிக் கிடக்கு." எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் தானே எழுதிய ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதில் அவள் எழுதியிருந்தது அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது பற்றி. அம்மம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, அரபியும் தெரியாது. டாக்டரிடம் "நெஞ்சு எரியுது" என்கிறார். பிள்ளை அதை ஆங்கிலத்தில் நெஞ்சு நோகிறது என்று சொல்லிவிட்டாள். உடனே இதயத் துடிப்புப் பதிவு, இரத்தப் பரிசோதனை என்று அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் மூட்டு வலிக்கு எடுத்த குளிசை வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. ஒரு வலிக்கு எடுத்த மருந்து வேறு இடத்தில் ஏன் வேலை காட்டுகிறது என்று அன்றிரவு தேடி வாசித்தாளாம். அந்தக் குளிசை வலியைக் குறைப்பதற்காகத் தடுக்கும் அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவரையும் காக்கிறது என்று கண்டுபிடித்தாளாம். எனக்கு இது ஒன்றும் தெரியாது. கிளினிக்குக்குக் காரில் ஏற்றி இறக்கியது நான். என் நினைவில் இருந்தது வண்டி நிறுத்தக் கிடைக்காத கஷ்டம் மட்டும்தான்.

அவள் எழுதியதில் இரண்டு இடத்தில் ஆங்கிலம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. திருத்தக் கை துடித்தது. ஒன்றைத் திருத்தினேன், மற்றதை விட்டேன்.

நான் கணக்காளன். கணக்காய்வுக்குப் போனால் புத்தகத்தில் எழுதியிருக்கும் தொகையை நாங்கள் அப்படியே நம்புவதில்லை. இதற்கு வவுச்சர் எங்கே என்று கேட்போம். அனுமதி அலுவலகத்தில் இருப்பவரும் அந்த மாதிரி ஒருவர்தான். "தலைமைத்துவம்" என்று எழுதினால் அது ஒரு தொகை. வவுச்சர் என்பது எங்கே, எப்போது, யாரோடு, என்ன பிழை விட்டாய், பிறகு என்ன செய்தாய் என்பது. அம்மம்மாவின் நெஞ்செரிவு ஒரு வவுச்சர்.

இதனால்தான் சான்றிதழ் சேர்க்கும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வீடுகளில் கராத்தே, பரதம், பேச்சுப்போட்டி, இரண்டு நாள் ரோபோப் பயிற்சி என்று பைல் நிறையச் சான்றிதழ் இருக்கும். பதினோராம் வகுப்பில் திடீரென்று ஒரு தொண்டு நிறுவனத்தோடு நின்று படம் எடுப்பார்கள். வருட முடிவில் அவசரமாகப் போட்ட பதிவுகளை எந்தக் கணக்காய்வாளனும் கண்டுபிடிப்பான். மூன்று வருடம் ஒழுங்காகச் செய்த ஒரே ஒரு காரியம் அந்தப் பைலைவிடக் கனமானது. அப்பாவின் கடைக்கு வெள்ளிதோறும் போய்ச் சரக்குக் கணக்கு எடுத்தது, தம்பி தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, நோயாளியான தாயைப் பார்த்துக்கொண்டு படித்தது, இவையெல்லாம் எழுதக்கூடியவை. எங்கள் பிள்ளைகள் இதை எழுத வெட்கப்படுகிறார்கள், ஏனென்றால் இதற்குச் சான்றிதழ் கிடையாது.

ஆசிரியர் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பதவியில் இருக்கும் மாமாவின் நண்பரிடம் வாங்கும் கடிதம் வீண். பிள்ளையை வகுப்பில் பார்த்த ஆசிரியரிடம், கடைசி வாரத்தில் அல்ல, இரண்டு மாதம் முன்னதாகப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன்.

2023 ஜூன் 29ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. இன்ன இனத்தவர் என்பதற்காக ஒருவருக்கு அனுமதியில் முன்னுரிமை கொடுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அதிலேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று பிள்ளை எழுதுவதைப் பல்கலைக்கழகம் கவனத்தில் எடுக்கலாம். ஆனால் அது அந்தப் பிள்ளையின் துணிவோடோ திறமையோடோ நேராகத் தொடர்புபட்டிருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கூர்ந்து பார்க்கவேண்டிய வரி அது. தகப்பன் பட்ட துன்பத்துக்குப் பிள்ளைக்குப் புள்ளி கிடையாது. அந்தத் துன்பம் இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை என்ன செய்தது என்பதைத்தான் எடுத்துப் பார்க்கலாம்.

சட்டத்தை விடுங்கள், எனக்கு மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் ஊரைக் கண்டதே இல்லை. ஷெல் சத்தம் கேட்டதில்லை. அவர்களை இருத்தி, அந்த இரவு எப்படி ஓடினோம் என்று நாங்கள் சொல்ல, அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இடத்துக்காக அதை அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. கதை பொய் என்று நான் சொல்லவில்லை. கதை உண்மைதான், ஆனால் அது அந்தப் பிள்ளையின் கதை அல்ல. வாசிப்பவருக்கும் அது தெரிந்துவிடும். இறந்தவர்களை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புகிற மாதிரி ஒரு உணர்வு எனக்கு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், வாசிக்கிறேன். ஒரு நண்பர் என்னோடு ஏற்கெனவே சண்டை பிடித்துவிட்டார். "உலகம் இதைக் கேட்கவேண்டாமோ" என்கிறார். கேட்கவேண்டும்தான். அனுமதி அலுவலகம் அதற்கான இடமா என்பதுதான் என் கேள்வி.

மறுபக்கம், அந்தக் கதையோடு பிள்ளைக்குத் தன்னளவில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தால் தாராளமாக எழுதட்டும். நான் அந்தத் தாயாரைப் பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். மகனுக்கு ஊர்க் கதையில் உண்மையாகவே ஆர்வம் உண்டா அம்மா? அவர் சிரித்தார். மகன் கட்டடப் பொறியியலுக்குப் போடுகிறானாம். கிளிநொச்சிப் பக்கம் விட்டுவிட்டு வந்த வீட்டின் படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. அவன் அம்மப்பாவோடு வீடியோவில் பேசிப் பேசி அந்த வீட்டை வரைந்துகொண்டிருக்கிறானாம். அடியிலும் முழத்திலும் சொல்வதை மீற்றருக்கு மாற்றுகிறான். தாய் ஒரு அளவு சொல்கிறார், அம்மப்பா ஒரு அளவு சொல்கிறார், இரண்டும் பொருந்தவில்லை. சுவர் இந்தத் தடிப்பு என்றால் அறை இவ்வளவு அகலம் இருக்கமுடியாது என்று பிள்ளை வாதாடுகிறானாம். இரண்டு வருடமாக இது நடக்கிறதாம். இதைத்தான் எழுதச் சொல்லுங்கள் என்றேன். "இதையோ அண்ணை? இது விளையாட்டல்லோ" என்றார்.

நேரம் போகிறது. கட்டணம் பற்றிச் சொல்லாமல் போனால் கணக்காளன் என்று சொல்ல எனக்கு வெட்கம். எங்கள் சமூகத்தில் பலர் பிரித்தானியாவில் அகதியாகப் போய், குடியுரிமை எடுத்து, பிறகு வேலைக்காக இங்கே வந்தவர்கள். பிள்ளையிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது, ஆகவே உள்நாட்டுக் கட்டணம்தான் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படி அல்ல. படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை அங்கே வழமையாக வசித்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2025-26இல் உள்நாட்டு மாணவர் கட்டணத்தின் உச்சம் 9,535 பவுண். வெளிநாட்டு மாணவருக்கு உச்சமே கிடையாது. வருடம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் வித்தியாசம் 46,395 பவுண். அரசாங்கக் கடனும் கிடைக்காது. நீங்கள் இங்கே வந்தது தற்காலிக வேலைக்குத்தான் என்று காட்ட முடிந்தால் விலக்குக் கேட்கலாம். ஒவ்வொரு வேலை ஒப்பந்தமும், அங்கே வீடு வைத்திருந்த பத்திரமும் அதற்குத் தேவை. ஒன்பதாம் வகுப்பிலேயே அவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். கனடாக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஒன்ராறியோவில் குடியுரிமை இருந்தால் உள்நாட்டுக் கட்டணம், கியூபெக்கில் வேறு மாகாணத்தவர் கூடுதலாகக் கட்டவேண்டும். மாகாண உதவிப்பணத்துக்கு மட்டும் அங்கே வசித்திருக்க வேண்டும் என்பார்கள்.

பையன்களை இங்கேயே படிக்கவைக்க விரும்புபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2022 ஒக்டோபர் முதல் திருமணமாகாத மகனை 25 வயதுவரை பெற்றோரின் விசாவில் வைத்திருக்கலாம். முன்பு 18 வயதானதும் தொடங்கிய அலைச்சல் இப்போது இல்லை.

சார்ஜாத் தாயார் சென்ற கிழமை மறுபடியும் எடுத்தார். மகன் எழுதி முடித்து அனுப்பிவிட்டானாம். கட்டுரையோடு சேர்க்கக் கேட்காவிட்டாலும் வீட்டுப் படத்தையும் முடித்து அம்மப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். அவர் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, கிணறு மட்டும் வடக்குப் பக்கம், இவன் கிழக்கிலே போட்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். தாயார் கிழக்கு என்கிறார். இப்போது வீட்டில் அந்தச் சண்டைதான் நடக்கிறதாம். பல்கலைக்கழகத்தின் முடிவு மார்ச் மாதம் வரும்.